மெடிக்கல் கோடிங் கோச்சிங் சென்டர்: 28,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது என்ன

போன வாரம் சித்தப்பா மகள் வாட்ஸ்அப்பில் நான் படித்த மெடிக்கல் கோடிங் சென்டரின் நோட்டீஸை அனுப்பி, "அக்கா, இதுல இருக்கறது நீதானே?" என்று கேட்டாள். நான்தான். அட்மிஷன் பாரத்தில் ஒட்டுவதற்காக விழுப்புரத்தில் அவசரமாக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம், பாதிக் கண் மூடியிருக்கும். அதற்குக் கீழே "100% ப்ளேஸ்மென்ட், எங்கள் சாதனை மாணவி" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவர்கள் இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம், இந்தச் சென்டரில் சேரலாமா வேண்டாமா என்று கேட்கிறாள், போனில் முக்கால் மணி நேரம் பேசியும் சொல்லி முடியவில்லை, அவளை மாதிரி இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சென்டர் பெயரைப் போடப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒன்றை விட்டுவிட்டு எதிர் மாடியில் இருக்கிற இன்னொன்றில் போய்ச் சேருவீர்கள், அதுவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வேளச்சேரிப் பக்கம், கீழே மொபைல் கடை, பக்கத்தில் ஜெராக்ஸ், குறுகலான படி ஏறினால் இரண்டாவது மாடி, அவ்வளவு போதும்.

நான் சேர்ந்தது 2023 ஜனவரி. பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஒரு வருடம் இருந்தேன், சம்பளம் 8,500. கோடிங் என்றால் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது என்றுதான் அப்பா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தார். மூன்று மாதம், தினமும் இரண்டு மணி நேரம், கட்டணம் 28,000, இரண்டு தவணை. சேருவதற்கு முன்னால் ஒரு டெமோ கிளாஸ்.

அந்த டெமோ கிளாஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா இடத்திலும் ஒரே டெமோதான் ஓடுகிறது. புரொஜெக்டரைப் போட்டு, "வாத்து மோதி அடிபட்டா அதுக்கும் ஒரு கோடு இருக்கு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்கள். இருக்கிறது, டபிள்யூ 61.62. விமான எஞ்சினுக்குள் ஆள் இழுக்கப்பட்டால் அதற்கு வி 97.33. எல்லோரும் சிரிப்போம், மூளைக்குள் "அட, சுவாரஸ்யமா இருக்கே" என்று ஒரு மணி அடிக்கும், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அட்மிஷன் பாரம் மேஜைக்கு வந்துவிடும். வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது, இன்னும் ஒரு வாத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, நெஞ்சுவலி, மாடிப்படியில் வழுக்கி விழுந்தவர்கள்.

தெரியாதவர்களுக்காக வேலை என்ன என்று சுருக்கமாக. அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், டாக்டர் பார்த்து எழுதுகிறார். அந்தக் காகிதத்தை, அதாவது சார்ட்டைப் படித்து, எதற்காக வந்தார் என்பதை ஐ.சி.டி.-10-சி.எம். எண்ணாகவும், அவருக்கு என்ன செய்தார்கள் என்பதை சி.பி.டி. எண்ணாகவும் நாம் மாற்ற வேண்டும். ஊசி மருந்து, வாக்கர், சக்கர நாற்காலி மாதிரியான சாமான்களுக்கு எச்.சி.பி.சி.எஸ்., எல்லோரும் ஹிக்பிக்ஸ் என்பார்கள். இந்த எண்களை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். முழங்காலில் ஊசி போட்டதாக ஒரு எண்ணும், நோய் காதுவலி என்று இன்னொரு எண்ணும் போனால் பணம் வராது, பில் திரும்பி வந்துவிடும். அங்கே 2015 அக்டோபர் 1 வரைக்கும் ஐ.சி.டி.-9தான், அதில் சுமார் 14,000 நோய் எண்கள். அடுத்து வந்ததில் கிட்டத்தட்ட 70,000. இடது கையா வலது கையா, முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்று எல்லாவற்றையும் எண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நம்ம ஊர் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு இவ்வளவு வேலை இருப்பதற்கு இந்த விவரப் பசியும் ஒரு காரணம்.

சரி, சென்டருக்கு வருகிறேன்.

காசு வீண் போகவில்லை என்று நான் இன்றைக்கும் சொல்வதற்கு ஒரே காரணம், உடற்கூறு எடுத்த மேடம். அவர் பல் டாக்டர், சொந்தமாக க்ளினிக் வைக்க வசதிப்படாமல் கோடிங்குக்கு வந்து, பல வருடம் சர்ஜரி கோடிங் பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். போர்டில் எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்கிற ஆள் இல்லை. "ஆட்டமி" என்று முடிந்தால் வெட்டித் திறப்பது, "ஆஸ்டமி" என்றால் வாசல் வைப்பது, "எக்டமி" என்றால் வெட்டி எடுத்தே விடுவது, இதை அவர் வீடு கட்டுகிற மேஸ்திரி பாஷையில் சொன்னார்: "ஒண்ணு சுவத்துல ஓட்டை போட்டுப் பாக்கறது, ஒண்ணு சுவத்துல ஜன்னல் வெக்கறது, இன்னொண்ணு சுவத்தையே இடிச்சிடறது." இதைக் கேட்டபின் தொரகாட்டமியையும் கொலாஸ்டமியையும் யாரும் குழப்பிக்கொள்ளவில்லை.

இன்னொன்று, ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை விடுவதற்கு எப்படிக் கோடு போடுவது என்பது. கோடிங் படித்த யாரைக் கேட்டாலும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும். முதல் ஆர்டர், இரண்டாம் ஆர்டர், மூன்றாம் ஆர்டர் என்று புத்தகம் பாட்டுக்குப் போகும். மேடம் ஒரே நாளில் முடித்தார். "இதயத்துல இருந்து கிளம்பற பெரிய குழாய் அயோர்ட்டா, அதுதான் ஜி.எஸ்.டி. ரோடு. அதுல இருந்து பிரியற வேளச்சேரி ரோடு ஃபர்ஸ்ட் ஆர்டர். அதுல பிரியற தெரு செகண்ட். தெருவுக்குள்ள இருக்கற சந்து தேர்ட். ஆட்டோ எந்தச் சந்து வரைக்கும் போச்சோ அதுக்குத்தான் காசு, வர்ற வழியில இருந்த மெயின் ரோட்டுக்குத் தனியா மீட்டர் போடக் கூடாது." இவ்வளவுதான் விஷயம். தலைக்கும் கைக்கும் போகிற பக்கம் 36215 முதல் 36217 வரை, வயிற்றுக்கும் காலுக்கும் போகிற பக்கம் 36245 முதல் 36247 வரை, எண்களைப் புத்தகம் பார்த்துச் சொல்லிவிடலாம், ஆனால் ஆட்டோ எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதைப் புத்தகம் சொல்லித் தராது.

சி.பி.டி. புத்தகம் முழுக்க அவர் உடம்பாகத்தான் பார்க்க வைத்தார். 10,000 சீரீஸ் தோல், 20,000 எலும்பும் தசையும், 30,000 மூச்சும் இதயமும், 40,000 வாயிலிருந்து ஆசனவாய் வரை, 50,000 சிறுநீரகமும் பிறப்புறுப்பும், 60,000 நரம்பு, கண், காது. தலையை உள்ளே விட்டால் எந்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த வீடு மாதிரி ஆகிவிட்டது புத்தகம். இந்த ஆறு வாரத்துக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

மீதி ஆறு வாரம் வேறு ஒரு சார். சாரைப் பற்றிக் குறை சொல்லலாம், ஆனால் தப்பு அவருடையதா நோட்ஸுடையதா என்று எனக்கு இன்றும் குழப்பம்தான். நோட்ஸ் ஜெராக்ஸ், அதுவும் ஜெராக்ஸின் ஜெராக்ஸ், சில பக்கத்தில் 3-ம் 8-ம் ஒன்றுபோல இருக்கும், கோடிங்கில் 3-ம் 8-ம் ஒன்றுபோல இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சேர்ந்த மாதம்தான், 2023 ஜனவரி 1 முதல், ஆஸ்பத்திரியில் அப்சர்வேஷனில் வைத்துப் பார்ப்பதற்கு இருந்த 99218, 99219, 99220 எண்களை எடுத்துவிட்டு, உள்நோயாளிகளுக்கான 99221 முதல் 99223 வரையிலான எண்களோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் நோட்ஸில் பழையவை அப்படியே இருந்தன. ஒரு பெண் எழுந்து கேட்டாள், புதுப் புத்தகத்தில் இந்த எண்ணையே காணோமே சார் என்று. "எக்ஸாமுக்கு இது வராதும்மா" என்று கடந்துவிட்டார். வராதது சரிதான், இல்லாத எண் எப்படி வரும்.

சி.பி.டி. ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் மாறும், ஐ.சி.டி. ஒவ்வொரு அக்டோபர் 1-க்கும் மாறும், ஏப்ரலிலும் சின்னச் சின்ன மாற்றம் வரும். இந்தத் தொழிலில் போன வருட நோட்ஸ் என்பது போன வருட ரயில்வே அட்டவணை. புதிய வருட நோட்ஸ் இருக்கிறதா என்று நான் டெமோ கிளாஸிலேயே கேட்டிருக்க வேண்டும், வாத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மாக் டெஸ்டும் இதே கதை. அமெரிக்க மெடிக்கல் கோடர்களின் அமைப்பான ஏ.ஏ.பி.சி. நடத்துகிற சி.பி.சி. என்கிற சர்டிஃபிகேட் தேர்வுதான் எல்லோருக்கும் குறி. இப்போது 100 கேள்வி, 4 மணி நேரம், 70 விழுக்காடு எடுத்தால் பாஸ். முன்பு இது 150 கேள்வி, 5 மணி 40 நிமிடம். சென்டரில் வைத்த மாக் டெஸ்ட் எல்லாம் 150 கேள்வி இருக்கிற அந்தப் பழைய மாதிரித் தாள்கள். பயிற்சிக்கு நல்லதுதானே என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். ஒரு மாக் டெஸ்ட்டின் விடைத்தாளிலேயே ஏழு விடைகள் தப்பு, நாங்கள் நாலு பேர் மெஸ்ஸில் உட்கார்ந்து புத்தகத்தை வைத்துச் சரிபார்த்துக் கண்டுபிடித்தோம். அந்த ஏழைத் தேடிய ராத்திரிதான் நான் உருப்படியாகப் படித்த ராத்திரி என்பது வேறு விஷயம்.

புத்தக விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம், மூன்று புத்தகம்: ஐ.சி.டி., சி.பி.டி., ஹிக்பிக்ஸ். "மெட்டீரியல் ஃப்ரீ" என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் புத்தகமும் அதில் அடக்கம் என்று நினைத்தேன். கொடுத்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். அது வகுப்புக்கு உதவும், தேர்வுக்கு உதவாது. சி.பி.டி. புத்தகம் அமெரிக்க மருத்துவச் சங்கமான ஏ.எம்.ஏ. வெளியிட்ட பதிப்பாகவே இருக்க வேண்டும். தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதுதான் இதைச் சொன்னார்கள். மூன்று புத்தகத்துக்கும், டாலரில் கட்டுகிற தேர்வுக் கட்டணத்துக்கும், ஏ.ஏ.பி.சி. உறுப்பினர் கட்டணத்துக்கும் சேர்த்துக் கோச்சிங் கட்டணத்துக்கு மேலேயே போய்விட்டது. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. கட்டணத்தைக் கேட்டபோது யாரும் பொய் சொல்லவில்லை, கேட்காததை யாரும் சொல்லவும் இல்லை.

புத்தகம் கைக்கு வந்தது தாமதமானதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. தேர்வுப் புத்தகத்தின் ஓரத்தில் நம் கையெழுத்தில் குறிப்பு எழுதிக்கொள்ள அனுமதி உண்டு. மேடம் சொன்ன ஆட்டோ கதை எல்லாம் ஜெராக்ஸ் ஓரத்தில் இருந்தது, அவற்றை மறுபடி உட்கார்ந்து ஒரிஜினலில் எழுதவே ஒரு வாரம் ஆனது. 100 கேள்விக்கு 240 நிமிடம், கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி. அதற்குள் அறுவை சிகிச்சைக் குறிப்பு அரைப் பக்கம் படித்து, புத்தகத்தைப் புரட்டி, நாலு விடையில் ஒன்றை எடுக்க வேண்டும். ஓரத்தில் இருக்கிற உன் சொந்த எழுத்துதான் அங்கே உன்னைக் காப்பாற்றும். எனக்கு 74 வந்தது. 74 போதும், சர்டிஃபிகேட்டில் மார்க் போடமாட்டார்கள்.

ஆனால் சர்டிஃபிகேட்டில் வேறு ஒன்று போடுவார்கள். சி.பி.சி. என்று வராது, சி.பி.சி.-ஏ என்று வரும். அந்த "ஏ" அப்ரென்டிஸ். இரண்டு வருட அனுபவத்தைக் காட்டினால்தான் எடுப்பார்கள், அல்லது 80 மணி நேரப் படிப்பும் ஒரு வருட அனுபவமும் வேண்டும். அப்புறம் சர்டிஃபிகேட் உயிரோடு இருக்க இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 36 சி.இ.யு., அதாவது தொடர் படிப்புப் புள்ளி, சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் சென்டரில் ஒருவரும் சொல்லவில்லை. ரிசல்ட் வந்த அன்று அந்த "ஏ"-வைப் பார்த்து, ஏதோ ஏ கிரேடு என்று நினைத்து வீட்டுக்குப் போன் பண்ணிய ஒரு பையன் எங்கள் பேட்ச்சில் உண்டு.

நோட்டீஸில் கோடிங்கோடு சேர்த்து "ஹெல்த் ரெக்கார்ட்ஸ் மேனேஜ்மென்ட்" என்றும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதற்கு நடந்தது இரண்டே வகுப்பு. ஹிப்பா என்பது 1996-ல் வந்த அமெரிக்கச் சட்டம், நோயாளி விவரத்தை வெளியே சொல்லக் கூடாது, முடிந்தது. இதில் எங்கள் பேட்ச்சில் ஒரு அண்ணன் ஏமாந்தார். அவருக்கு அமெரிக்க வேலையில் ஆர்வம் இல்லை, நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.டி. என்கிற மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் சேர வேண்டும் என்றுதான் வந்தார். அந்த வேலைக்குத் தேவையானது முற்றிலும் வேறு. டிஸ்சார்ஜ் ஆன ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் டாக்டர் கையெழுத்து, ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது, போலீஸ் கேஸ் ஃபைலைத் தனியாகப் பூட்டி வைப்பது, இறப்புக்குக் காரணம் எழுதுகிற படிவம் 4-ஐச் சரிபார்ப்பது. உள்நோயாளி ஆவணத்தைக் குறைந்தது மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்று 2002-ன் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நோய்க்கு எண் போடுவதும் உண்டு, ஆனால் அது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10, அமெரிக்காக்காரர்கள் தங்களுக்காக நீட்டி வைத்திருக்கிற சி.எம். இல்லை. இதில் ஒரு வரிகூட எங்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் தனியார் கோச்சிங்குக்குக் காசு கட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. புதுச்சேரி ஜிப்மரில் மத்திய அரசின் சுகாதாரப் புள்ளியியல் அமைப்பான சி.பி.எச்.ஐ. மூலமாக மெடிக்கல் ரெக்கார்டு டெக்னீஷியன், ஆபீசர் பயிற்சிகள் நடக்கின்றன, வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே படிப்பு உண்டு. அந்த அண்ணன் பிறகு ஜிப்மர் பயிற்சிக்குத்தான் போனார். இப்போது கடலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நோயாளிகளின் 14 இலக்க ஆபா எண்ணோடு, அதாவது தேசிய சுகாதாரக் கணக்கு எண்ணோடு, பதிவுகளை இணைக்கிற வேலையும் சேர்ந்துகொண்டதாகச் சொன்னார்.

அடுத்தது அந்த 100% ப்ளேஸ்மென்ட். முதலில் அனுப்பிய இன்டர்வியூ ஏ.ஆர். காலிங். அதாவது ராத்திரி உட்கார்ந்து அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, இந்த பில்லுக்கு ஏன் பணம் வரவில்லை என்று கேட்கிற வேலை. கேவலமான வேலை இல்லை, நல்ல இங்கிலீஷ் பேசுகிறவர்கள் அதில் நம்மைவிட வேகமாக மேலே போகிறார்கள். ஆனால் மூன்று மாதம் எலும்பு எலும்பாகப் படித்தது அதற்கு இல்லை. வேண்டாம் என்றேன். இரண்டாவது இன்டர்வியூ ஒரு கன்சல்டன்சி, 15,000 டெபாசிட் கட்டினால் வேலை உறுதி என்றார்கள், டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாவது இடத்தில் டிகிரி ஒரிஜினலை வைத்துக்கொள்வோம் என்றார்கள். வீட்டுக்குப் போன் போட்டால் அப்பா, "பத்திரத்தைக் குடுத்தாலும் குடு, சர்டிஃபிகேட்டைக் குடுக்காதே" என்றார். மூன்று முறை அனுப்பியாகிவிட்டது, நீதான் போகவில்லை, எங்கள் கணக்கில் இது ப்ளேஸ்மென்ட்தான் என்று சென்டரில் சொல்லிவிட்டார்கள். 100% எப்படி வருகிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

வேலை கிடைத்தது நவம்பரில், ஃப்ரெஷர்களுக்கான ஒரு வாக்-இன்னில், பேட்ச்சில் கூடப் படித்தவள் சொல்லிப் போனது. 30 கேள்வி, எல்லாம் உடற்கூறு. கல்லீரல் எந்தப் பக்கம், தொடை எலும்பின் பெயர் என்ன, "இட்டிஸ்" என்று முடிந்தால் என்ன அர்த்தம். சி.பி.சி. இல்லாத பெண்களும் என் கூடவே தேர்வானார்கள், கம்பெனியே ஆறு வாரம் பயிற்சி கொடுத்தது, கையில் 16,500. ஒமேகா ஹெல்த்கேர், ஆக்சஸ் ஹெல்த்கேர், எபிசோர்ஸ் என்று சென்னையிலேயே பெரிய கம்பெனிகள் இருக்கின்றன, திருச்சியிலும் கோவையிலும்கூட இந்த வேலை நடக்கிறது. சென்டர்க்காரர் வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும் என்பது அவர்கள் நம்மை நம்ப வைப்பது.

இனிமேல் சொல்லப் போவதுதான் இந்தச் சென்டரைப் பற்றி என் பெரிய குறை, ஜெராக்ஸும் ப்ளேஸ்மென்ட்டும் இதற்கு அப்புறம்தான். மூன்று மாதத்தில் ஒரு முழு சார்ட்டைக்கூட அவர்கள் எங்களுக்குக் காட்டவில்லை. எல்லாம் கேள்வி. "45 வயதுப் பெண்மணி இன்னது செய்துகொண்டார், சரியான எண் எது?" கேள்வியில் தேவையானது மட்டும் இருக்கும், யாரோ நமக்காக முன்னாலேயே உமியைப் புடைத்து அரிசியை மட்டும் முறத்தில் வைத்திருப்பார்கள். வேலையில் மூட்டையோடு வரும்.

என்னைப் போட்டது ஈ.டி., அதாவது அவசரப் பிரிவு. இரண்டாவது வாரம் ஒரு சார்ட். ஐம்பது வயதுக்காரர், நெஞ்சுவலியோடு வந்திருக்கிறார். முதல் பக்கத்தில் நர்ஸ் எழுதியது, அப்புறம் டாக்டர், அப்புறம் ஈ.சி.ஜி., அப்புறம் ரத்தப் பரிசோதனை, நடுவில் "ரூல் அவுட் எம்.ஐ." என்று ஒரு வரி. எம்.ஐ. என்றால் மாரடைப்பு, ரூல் அவுட் என்றால் அது இல்லை என்று பார்த்து உறுதிசெய்வது. நான் மாரடைப்புக்கான ஐ 21.9 போட்டுவிட்டேன். மறுநாள், எங்கள் வேலையைச் சரிபார்க்கிற க்யூ.ஏ. அக்கா என் சீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். "இவருக்கு ஹார்ட் அட்டாக்குன்னு யாரு சொன்னா? டாக்டர் சந்தேகப்பட்டாரு, பார்த்தாரு, இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. நீ அட்டாக் குடுத்துட்ட." வெளிநோயாளிக்கு, ஈ.டி.யும் அதில் சேர்த்திதான், சந்தேகப்படுவதற்கெல்லாம் எண் போடக் கூடாது, உறுதியானதற்கும் அறிகுறிக்கும்தான் போட வேண்டும், இங்கே ஆர் 07.9, நெஞ்சுவலி, அவ்வளவுதான். இதே வரி ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி வரைக்கும் சந்தேகமாகவே இருந்தால், அப்போது நோய் இருப்பதாகவே வைத்து எண் போட வேண்டும், விதி தலைகீழ்.

இந்த விதி எனக்குத் தெரியாததா? சென்டரில் படித்தேன், மாக் டெஸ்ட்டில் சரியாகப் போட்டேன், ஏனென்றால் கேள்வியில் "ரூல் அவுட்" என்ற சொல் போல்டு எழுத்தில் இருந்தது. சார்ட்டில் யாரும் போல்டு போட்டுத் தருவதில்லை. ஒரு டாக்டர் "லைக்லி" என்பார், ஒருவர் "கன்சர்ன் ஃபார்" என்பார், ஒருவர் கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த மனிதர் யாரென்றே எனக்குத் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் அவருக்கு வராத ஒரு மாரடைப்பை நான் அவர் பதிவேட்டில் எழுதப் பார்த்தேன். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

ரூம்மேட் எச்.சி.சி.யில், அதாவது ஒருவருக்கு என்னென்ன நோய் இருக்கிறது என்று கணக்கெடுக்கிற கோடிங்கில், இருக்கிறாள், அங்கே இன்னொரு வகை. வயதானவர்களின் சார்ட், ஒரு ஆளுக்கு 200 பக்கம் வரும், எந்த நோயை இந்த வருடம் டாக்டர் நிஜமாகவே கவனித்தார் என்று தேட வேண்டும். நாலு வருடம் முன்னால் ஸ்ட்ரோக் வந்தவருக்கு இப்போதும் ஸ்ட்ரோக் என்று டாக்டர் பட்டியலில் எழுதி வைத்திருப்பார், அதை ஐ 63 என்று போட்டால் தப்பு, பழைய கதை என்றால் இசட் 86.73, கை கால் வராமல் இருக்கிறது என்றால் ஐ 69. இன்னொரு பக்கம், "ஹிஸ்டரி ஆஃப் டயபடீஸ்" என்று எழுதியிருப்பார், சர்க்கரை போய்விட்டது என்று அர்த்தமில்லை, கீழே சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் போய்க்கொண்டிருக்கும். டாக்டர் எழுதியதைப் படிப்பது வேறு, டாக்டர் சொல்ல வந்ததைப் படிப்பது வேறு, ஆனால் அவர் சொல்லாததை நாமாகச் சேர்க்கவும் கூடாது. இந்த நடுக்கோட்டில் நடக்கப் பழக்குவதுதான் பயிற்சி. அடையாளம் அழித்த பத்து சார்ட்டை வைத்து இரண்டு வாரம் நடத்தியிருந்தால் 28,000-க்கு மேலேயே தரலாம் அவர்களுக்கு.

டார்கெட் பற்றியும் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு இப்போது மணிக்கு 14 சார்ட், குவாலிட்டி 95-க்குக் கீழே போகக் கூடாது. கழுத்து வலிக்கும், கண் எரியும், மாதக் கடைசியில் சனிக்கிழமையும் போக வேண்டியிருக்கும். இதையும் மீறி எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதால் உங்களுக்கும் பிடிக்கும் என்று இல்லை, ஒரே இடத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் இங்கிலீஷ் படிக்க முடியாதவர்களுக்கு இது தண்டனை.

சித்தப்பா கேட்டது வேறு: "ஏ.ஐ. வந்து இதையெல்லாம் தின்னுடாதா?" எங்கள் ஆபீசில் சாதாரண எக்ஸ்ரே ரிப்போர்ட்டை எல்லாம் முதலில் சாஃப்ட்வேர்தான் பார்க்கிறது, நாங்கள் அது போட்டதைச் சரிபார்க்கிறோம். எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதை மட்டும் தெரிந்தவர்களுக்குக் கஷ்டம்தான், சித்தப்பா. அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை.

மொத்தத்தில் அந்தச் சென்டருக்கு ஐந்துக்கு இரண்டரை, இரண்டு மேடத்துக்கு, அரை அந்த மாடியில் கிடைத்த மூன்று தோழிகளுக்கு.

தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான். முதலில் மாவட்டத்தில் விசாரி, ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு தாட்கோ இந்தப் பயிற்சியை இலவசமாக நடத்துவதாகக் கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு வந்திருக்கிறது, உன் கிளாஸில் யாருக்காவது பயன்படும். நீ சேருவதாக இருந்தால் உடற்கூறும் அடிப்படையும் மட்டும் சேர், ஒரு தவணை மட்டும் கட்டு. தேர்வுக்கு இப்போதே ஓடாதே, வேலைக்குப் போய் ஒரு வருடம் சார்ட் படித்துவிட்டு எழுது, கம்பெனியிலேயே கட்டணத்துக்கு உதவுகிற இடங்களும் உண்டு. டெமோ கிளாஸில் வாத்துப் படம் முடிந்ததும் கையைத் தூக்கி, "சார், ஒரு முழு சார்ட் காட்டுங்க" என்று கேள். புத்தகம் யார் வாங்க வேண்டும், நோட்ஸ் எந்த வருடத்தது, இது இரண்டையும் கேள்.

நேற்று அவள் போனாள். சார்ட் எல்லாம் சேர்ந்தபிறகுதான் காட்டுவோம் என்றார்களாம். மேடம் இன்னும் இருக்கிறார், அடுத்த பேட்ச்சுக்கும் அவர்தான் உடற்கூறு. முதல் தவணை மட்டும் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். வரும்போது, "எங்க அக்கா படத்தை நோட்டீஸ்ல இருந்து எடுத்துடுங்க" என்றும் சொல்லியிருக்கிறாள். அடுத்த பிரின்டில் எடுத்துவிடுவதாகச் சொன்னவர்கள், அப்படியே அவளிடமும் இரண்டு பாஸ்போர்ட் சைஸ் படம் வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.